மூன்றடி வழி

பங்குனி பிறந்து ஆறாவது நாள். விடிந்ததும் தண்ணீர் பார்க்க வயலுக்குப் போன கன்னியம்மா ரோட்டோரத்திலேயே நின்றுவிட்டாள். வயலின் முகப்பில் வரிசையாகச் சிமெண்ட் தூண்களை நட்டிருந்தார்கள். வடக்கத்தி ஆட்கள் மூன்று பேர் முள்கம்பிச் சுருளைத் தரையில் உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து நிலத்துக்குப் போட வேண்டிய வேலியை இடம் தெரியாமல் இங்கே போடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்படி நினைக்க நியாயம் இருந்தது. கிழக்கிலும் வடக்கிலும் மேற்கிலும் இருந்த நிலங்கள் எல்லாம் இரண்டு வருடத்துக்குள் குடோன் கட்டும் கம்பெனிக்குப் போய்விட்டன. டிப்பர் டிப்பராகச் சவுட்டு மண்ணைக் கொட்டி அவற்றை ஆள் உயரத்துக்கு மேடாக்கிவிட்டார்கள். நடுவே கன்னியம்மா பயிர் வைத்த ஒன்றரை ஏக்கர் மட்டும் பள்ளத்துக்குள் பச்சையாகக் கிடந்தது. கதிர் வெளியே வந்து பால் பிடிக்கிற நேரம். முப்பது நாளாவது ஆகும் அறுக்க.

அவள் செல்போனை எடுத்து பச்சையப்பனைக் கூப்பிட்டாள். நிலம் அவருடையது. மகனோடு திருவள்ளூரில் இருக்கிறார். பத்தொன்பது வருடமாகக் குத்தகை. வாயால் பேசியதுதான். அறுப்பு முடிந்ததும் மூட்டைகளை ஆட்டோவில் ஏற்றி அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வருவாள். அதற்கு ஒரு சீட்டு கேட்டதில்லை. கேட்டால் அவர் மனசு கஷ்டப்படும் என்று அவளும், கொடுத்தால் அவளுக்குச் சந்தேகம் வரும் என்று அவரும் விட்டுவிட்டார்கள்.

"ஐயா, வயலாண்ட கம்பி கட்றாங்கோ."

மறுமுனையில் டிவி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"சொல்லணும்னுதான் இருந்தேன் கன்னிம்மா," என்றார் கடைசியில். "மாசி மாசமே கையெழுத்து ஆயிடுச்சு. சுத்தி எல்லாம் வித்துட்டானுங்க. நடுவுல நான் ஒருத்தன் வெச்சிக்கினு இன்னா பண்றது? பையனும் நச்சரிச்சிக்கினே இருந்தான்."

"பயிர் கீதே ஐயா."

மீண்டும் டிவி சத்தம். "பத்திரம் எழுதறவரு என்னென்னமோ எழுதினாரு. நான் படிக்கல. கண்ணு வேற சரியா தெரியறதில்ல," என்றார். இருவரில் யார் முதலில் போனை வைத்தார்கள் என்று அவளுக்கு நினைவில்லை.

வேலி வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் பெயர் அன்புராஜ். முப்பது வயதிருக்கும். கடம்பத்தூரிலிருந்து ரயிலும் பைக்குமாக மாறி மாறி வருகிறவன். கம்பெனியின் சைட் சூப்பர்வைசர். தலையில் மஞ்சள் ஹெல்மெட். அதன் நிழல் கண் வரைக்கும்கூட விழவில்லை.

"நிலமும் அதுல உள்ள சகலமும்னு பத்திரத்துல போட்டிருக்கும்மா. மரம், மட்டை, கெணறு, பயிர். எல்லாம் கம்பெனிக்கு."

"பயிர வெச்சிக்கினு கம்பெனி இன்னா பண்ணும்? பொங்கித் துன்னுமா?"

அவன் சிரிக்கத்தான் செய்தான். "துன்னாது. மண்ணு கொட்டும். அடுத்த வாரம் லாரி வருது."

வீட்டுக்கு வந்தபோது கணவர் ஜோசப் இரவு டூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு யார்டுக்கு வாட்ச்மேன். பன்னிரண்டு மணி நேரம் பூட்ஸ் போட்ட காலைப் பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் ஊற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் சொன்னதை எல்லாம் கண்ணை மூடியபடியே கேட்டார்.

"இன்னாமே பண்ணப்போற?"

"தெரியலயே."

"உட்டுத் தொலை. பத்து வருசமா சொல்லிக்கினு கீறேன். ரேஷன்ல அரிசி குடுக்கறான். நீ சேத்துல எறங்கி இடுப்ப ஒடச்சிக்கினு விளைய வெச்சி அத என்னாண்ட போட்ற. நான் அந்தச் சோத்த துன்னுட்டு போயி இரும்புக்குக் காவல் காக்கறேன்."

"ரேஷன் அரிசிய பொங்குனா தட்ட தள்றது யாரு?"

ஜோசப் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "அது வேற பேச்சு," என்றார்.

மகள் பிரின்சிதான் வக்கீலின் நம்பரை வாங்கி வந்தாள். அவள் ஒயர் பின்னும் கம்பெனிக்கு வேனில் போகிறவள். அங்கே கூட வேலை செய்யும் பெண்ணுக்கு ஏதோ ஒரு வழக்கில் உதவிய வக்கீலம்மா பொன்னேரி கோர்ட்டில் இருக்கிறாராம். பெயர் அருணா. ரொம்பச் சின்னப் பெண்ணாக இருந்தார். கன்னியம்மா பேசப் பேசக் குறுக்கே வராமல் கேட்டார். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

"நெல்லு நட்டது எப்போம்மா?"

"தை பொறந்து பத்து நாள்ல."

"அப்போ நிலம் அவரோடதுதான். வித்தது மாசியில. சரி." அருணா பேனாவை மூடினார். "கேளுங்க. குத்தகைக்காரங்க போட்ட பயிர், குத்தகை போனாலும் அவங்களுக்குத்தான் சொந்தம். எப்போ முடியும்னு நாள் குறிக்காத குத்தகை உங்களுது. அந்த மாதிரி குத்தகை திடீர்னு முடிஞ்சா, நிக்கிற பயிரை அறுத்து எடுத்துட்டுப் போக நீங்க உள்ள போகலாம், வெளிய வரலாம். யாரும் தடுக்க முடியாது. இது தயவு இல்ல. சட்டம்."

"பத்திரத்துல பயிரும் சேத்துன்னு எழுதிக்கிறாங்களாமே."

"அவருக்குச் சொந்தமில்லாததை அவர் எப்படி விக்க முடியும்? அதுவுமில்லாம, விளைஞ்சு நிக்கிற பயிரைச் சட்டம் நிலமா பாக்கறதில்லம்மா. சரக்காத்தான் பாக்குது. கட்டில் மாதிரி, மூட்டை மாதிரி. வரப்புல மாமரம் இருந்தா அது நிலத்தோட போயிடும். நெல்லு போகாது."

கன்னியம்மா தன் வரப்பை நினைத்துப் பார்த்தாள். வரப்பில் மாமரம் இல்லை, இரண்டு பனைமரம் இருந்தது. அதை யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. அது நிலத்தோடு போய்விடும். அவள் விதை ஊறவைத்து, நாற்று விட்டு, பிடுங்கி, நட்டு, களை எடுத்த நெல் நிலம் இல்லை. வேர் மண்ணுக்குள் இருந்தாலும் அது மண்ணைச் சேர்ந்ததில்லை, தன்னைச் சேர்ந்தது. பத்தொன்பது வருடத்தில் யாரும் இதை அவளிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் என்ன செய்திருப்பாள் என்று தெரியவில்லை. ஆனாலும் நெஞ்சில் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

அருணா அனுப்பிய நோட்டீஸுக்கு இவ்வளவு சீக்கிரம் பலன் இருக்கும் என்று ஜோசப்பே எதிர்பார்க்கவில்லை. கம்பெனிக்காரர்கள் பச்சையப்பனுக்குப் போன் போட்டிருக்கிறார்கள். அவர் மழுப்பவில்லை. "பயிர் என்னுது இல்லப்பா, கன்னிம்மாளுது. அத நான் எப்படி விப்பேன்?" என்று சொல்லிவிட்டாராம். வழக்கு என்று போனால் வேலை நின்றுவிடும் என்று கம்பெனிக்கும் பயம். ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள்.

பங்குனி பதினான்காம் தேதி, பொன்னேரியில் அருணாவின் அறையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். கம்பெனி சார்பில் அன்புராஜ். ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்தான். அது இல்லாமல் பார்க்க வேறு யாரோ போல, கொஞ்சம் பாவமாக இருந்தான். முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டே வந்தார்கள். பயிர் கன்னியம்மாளுக்கே சொந்தம். இன்றிலிருந்து சித்திரை பதிமூன்று வரை முப்பது நாள் கெடு. அதுவரை கம்பெனி வயலில் மண் கொட்டாது. வாய்க்கால் தண்ணீரை அடைக்காது. ரோட்டு வேலியில் ஒரு வழி விடும்.

"எவ்ளோ அகலம்மா வேணும் வழி?" என்று அன்புராஜ் கேட்டான்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவ்வளவு நேரமும் அவள் வாங்கிக்கொண்டே இருந்தாள். பயிரை வாங்கிவிட்டாள், கெடுவை வாங்கிவிட்டாள், தண்ணீரை வாங்கிவிட்டாள். இதையும் நீட்டிக் கேட்டால் பேராசைக்காரி என்று நினைப்பார்களோ என்று கூச்சம் வந்தது.

"ஆளு போய் வந்தா போதும் சார். மூணடி உடு."

அருணா நிமிர்ந்தார். "போதுமாம்மா? அறுத்ததை எப்படி வெளிய கொண்டுவருவீங்க?"

"தலையில தூக்கிக்கினு வர வேண்டியதுதான். வரப்பு ஒரு அடிகூட இருக்காது, அதுலயே சுமையோட ஓடுவோம். மூணடி இன்னாத்துக்கு, அதுவே ராஜபாட்டை."

எல்லோரும் சிரித்தார்கள். மூன்று அடி என்று எழுதினார்கள். அவள் கையெழுத்துப் போட்டாள்.

திரும்பி வரும்போது பொன்னேரி ஸ்டேஷன் வாசலில் ஜோசப் டீ வாங்கித் தந்தார். "பரவால்லமே, கம்பெனிக்காரனையே உக்கார வெச்சி எழுதி வாங்கிட்டயே," என்றார். இருபத்தெட்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த பெரிய பாராட்டு அது.

அதன்பின் வந்த மூன்று வாரமும் அவள் தினமும் அந்த வழியாகத்தான் போய் வந்தாள். இரண்டு தூணுக்கு நடுவே கம்பி கட்டாமல் விட்ட சந்து. ஆடு நுழையாமல் இருக்க வேலிக்காத்தான் முள் கிளை ஒன்றை வெட்டி வந்து அடைத்துவைத்தாள். உள்ளே போகும்போது நகர்த்துவாள், வெளியே வந்ததும் மீண்டும் இழுத்து அடைப்பாள். மூன்று பக்கமும் மண்மேட்டில் லாரிகள் ஊர்ந்தன. காற்றடித்தால் செம்மண் புழுதி கதிர்மேல் படிந்தது. பச்சை மாறி, பழுப்பேறி, தலை சாய்த்தது பயிர். ஒரு கதிரைப் பிடுங்கி நகத்தால் நெருடிப் பார்ப்பாள். பால் கெட்டிப்பட்டு மணியாகிவிட்டது தெரிந்தது.

சித்திரை ஒன்பதாம் தேதிக்கு மணவாளனிடம் சொல்லிவைத்தாள். நெல் அறுக்கும் பெரிய மெஷின் வைத்திருக்கிறவர். இந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு வருடமாக அவர் மெஷின்தான். ஒரு மணி நேரத்தில் ஒரு ஏக்கரை அறுத்து, அடித்து, நெல்லைத் தனியாகக் கொட்டிவிட்டுப் போய்விடும்.

காலை எட்டு மணிக்கு மெஷின் வந்தது. ரோட்டில் நின்றது. மணவாளன் மேலிருந்து எட்டிப் பார்த்தார். வேலியைப் பார்த்தார். முள் கிளையைப் பார்த்தார். பிறகு கன்னியம்மாளைப் பார்த்தார்.

"யக்கா, வழி எங்க கீது?"

அவள் முள்ளை நகர்த்தியபடி நின்றாள். "இதான்."

மணவாளன் இன்ஜினை அணைத்தார். சுற்றிலும் சட்டென்று அமைதியானது. "இன்னாக்கா, தமாஷ் பண்றியா? இத மடிச்சி பாக்கெட்ல வெச்சிக்கினு உள்ள வரட்டுமா?"

கன்னியம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது.

இத்தனை வருடமும் மெஷின் எந்த வழியாக வந்தது? அவள் யோசித்துப் பார்த்தாள். அது வழி என்று எதிலும் வந்ததில்லை. கிழக்கே முதல் நிலத்தில் ரோட்டிலிருந்து இறங்கும். அதை அறுத்து முடித்ததும் வரப்பை ஏறி மிதித்துக்கொண்டு அடுத்த நிலத்துக்குப் போகும். அங்கிருந்து அடுத்தது. அறுத்த நிலம்தான் அடுத்த நிலத்துக்குப் பாதை. யாரும் யாரையும் கேட்டதில்லை, யாரும் தடுத்ததும் இல்லை. மிதிபட்ட வரப்பை மறுநாள் அவரவர் எடுத்துக் கட்டிக்கொள்வார்கள். அவள் வயலுக்கு அது ஆறாவதாகவோ ஏழாவதாகவோ வரும். வந்தது என்றுதான் தெரியும், எப்படி வந்தது என்று பார்த்ததில்லை. அவற்றில் கடைசி நிலமும் போன அறுப்புக்குப் பிறகு மண்மேடாகிவிட்டது. ஆள் உயர மேட்டிலிருந்து இந்தப் பள்ளத்துக்குள் மெஷின் இறங்க முடியாது.

வழி என்று கேட்டதும் தன் மனசுக்குள் வந்தது மனிதர் கால்தான். கையால் அறுப்பதை விட்டுப் பத்து வருடமாகிறது. ஆனால் அறுப்பு என்று வாயெடுத்தால் தலைச்சுமையும் வரப்பும்தான் வருகிறது. கை மறந்துவிட்டதை வாய் இன்னும் மறக்கவில்லை.

"ஒரு தூண எடுத்தா போதும்க்கா. பன்னெண்டு அடி கெடச்சா நொழஞ்சிருவேன்," என்றார் மணவாளன்.

அவள் அன்புராஜைத் தேடிக்கொண்டு மண்மேட்டுக்கு ஓடினாள். அவன் தகரக் கொட்டகையில் நாஷ்டா தின்றுகொண்டிருந்தான். சொன்னதைக் கேட்டதும் கையிலிருந்த இட்லியைத் திரும்பத் தட்டில் வைத்தான்.

"மூணடின்னு நீங்கதானம்மா சொன்னீங்க?"

"நான்தான் நைனா சொன்னேன். தெரியாம சொல்ட்டேன். ஒரே ஒரு தூணு. அறுத்ததும் எங்கூட்டுக்காரர இட்டாந்து நானே நட்டுத் தந்துடறேன்."

"கான்கிரீட் போட்டு நட்டதும்மா. கான்ட்ராக்டர் வேலை. அத நான் தொட்டா எனக்கு வேலை இருக்காது." அவன் செல்போனை எடுத்தான். "ஹெட் ஆபீசுக்கு மெயில் போடறேன். அவங்க ஓகேன்னா ஒரு நிமிஷத்துல எடுத்துடலாம்."

மெயில் போட்டான். பதில் வரும் வரை அவள் கொட்டகை வாசலிலேயே நின்றாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னான். அவள் உட்காரவில்லை. பத்தரை மணிவரை மணவாளன் காத்திருந்தார். பெரியபாளையத்தில் இன்னொரு அறுப்புக்கு ஒப்புக்கொண்டிருந்தார். "பேஜாரா கீதுக்கா, இன்னா பண்றது," என்று சொல்லிவிட்டு மெஷினைத் திருப்பினார். அது ரோட்டை அடைத்துக்கொண்டு மெதுவாகப் போவதை, வளைவில் மறையும் வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பகல் ஒரு மணிக்குப் பதில் வந்தது. அன்புராஜ் அதைப் படித்துக் காட்டக் கூச்சப்பட்டான். போனை அவள் பக்கம் திருப்பினான். இங்கிலீஷில் ஒரே வரி.

"இன்னா எழுதிக்கீது?"

"ஒப்பந்தத்துல உள்ளபடி செய்னு."

அவள் அருணாவுக்குப் போன் செய்தாள். வக்கீலம்மா முழுவதையும் கேட்டார்.

"சட்டத்துல அளவு எதுவும் இல்லம்மா," என்றார் அருணா. குரல் இறங்கியிருந்தது. "தடையில்லாம போய் வரலாம்னுதான் இருக்கு. நாம எழுதாம விட்டிருந்தா, மெஷின் போற அளவு வேணும்னு கேட்டிருக்கலாம். எழுதி, நாமளே சுருக்கிட்டோம். இப்போ மனு போடலாம். ஆனா அது விசாரணைக்கு வர்றதுக்குள்ள..."

"நெல்லு கொட்டிடும்."

"ஆமாம்மா. நானும் வயலைப் பாத்துட்டு எழுதியிருக்கணும். வயலைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது."

"எனுக்குத் தெரியுமே," என்றாள் கன்னியம்மா. "உம்மேல தப்பு இல்லம்மா."

கெடு முடிய ஐந்து நாள் இருந்தது. அவள் வீட்டுக்குப் போய்ப் பரணில் கிடந்த அரிவாளை எடுத்தாள். பல் மழுங்கியிருந்தது. ஆள் தேடி மேட்டுக் காலனியைச் சுற்றி வந்தாள். அவள் வயதுக்காரிகள் வீட்டில் இருந்தார்கள், இளையவர்கள் யாரும் இல்லை. காலை ஆறு மணிக்கு வேன் வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. ஒரு நாள் லீவு போட்டால் மூன்று நாள் சம்பளம் போகும் என்றார்கள். நாத்தனார் உறவான அஞ்சம்மாள் மட்டும் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அறுப்புக்கா? கையாலயா?" அஞ்சம்மாள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து நின்றது. "அடி கன்னி, உக்காந்தா எழுந்திருக்க ரெண்டு பேரு கை குடுக்கணும் எனுக்கு. நீ குனிஞ்சி நெல்லறுக்கக் கூப்புட்ற."

"அருவா கீதா?"

"இதான்." செதில் ஒட்டிய அரிவாளைத் தூக்கிக் காட்டினாள். "பத்து வருசமா மீனுதான் அறுக்குது."

மறுநாள் காலையில் அஞ்சம்மாள் வந்துவிட்டாள், அதே அரிவாளோடு. இடுப்பில் துண்டை இறுகக் கட்டியிருந்தாள். "ரெண்டு நாளுதான். அதுக்கு மேல கூப்ட்டா என் பொணந்தான் வரும்," என்றாள்.

கன்னியம்மா முதல் நாளே தனியாகத் தொடங்கியிருந்தாள். முதல் பிடியைப் பிடித்து அறுத்தபோது கை தானாகவே போனது. அது ஆச்சரியமாக இருந்தது. இருட்டுவதற்குள் உள்ளங்கையில் கொப்புளம் கட்டி உடைந்தது. மண்மேடு மூன்று பக்கமும் காற்றை மறைத்திருந்தது. சித்திரை வெயில் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி அங்கேயே தங்கியது. அறுத்த அரிகளைக் கட்டாகக் கட்டித் தலையில் ஏற்றி, மூன்றடி வழியாக வெளியே வந்து, ரோட்டோரம் போட்டுவிட்டுத் திரும்பினாள். சுமையோடு வரும்போது இரு பக்கமும் முள்கம்பி கதிரைப் பிடித்து இழுத்தது. மூன்றடி, தலைச்சுமைக்கும் போதவில்லை. அதையும் அவள் அன்றுதான் தெரிந்துகொண்டாள்.

பிரின்சி ஒரு நாள் லீவு போட்டாள், ஞாயிறும் சேர்ந்துகொண்டது. அறுக்கத் தெரியாது. விரலை அறுத்துக்கொண்டாள். கட்டுகளைத் தூக்கினாள். ஜோசப் ஒவ்வொரு காலையும் டூட்டியிலிருந்து நேராக வயலுக்கு வந்தார். பூட்ஸைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, வாட்ச்மேன் பேண்ட்டோடு இறங்கினார். விட்டுத் தொலை என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. பத்து மணிவாக்கில் வரப்பில் உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிவிடுவார். அவர் முகத்தில் வெயில் படாமல் ஒரு நெற்கட்டை நிமிர்த்தி வைத்துவிட்டு அவள் தொடர்ந்து அறுப்பாள்.

நான்காம் நாள் அன்புராஜ் மேட்டு விளிம்பில் வந்து நின்றான். "நானும் எறங்கலாம்தான்மா. கேமரா வெச்சிக்கிறாங்க," என்று கம்பத்தைக் கண்ணால் காட்டினான். பிறகு இரண்டு தண்ணீர் கேன்களை மேலிருந்தே கயிற்றில் கட்டி இறக்கினான்.

"ஒன்னும் இல்ல நைனா. போய் உன் வேலையப் பாரு," என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட உடம்பில் எதுவும் மிச்சமில்லை.

பதிமூன்றாம் தேதி சாயங்காலம் அவள் நிமிர்ந்து பார்த்தாள். பாதிக்குக் கொஞ்சம் மேல் முடிந்திருந்தது. வடக்கே ஒரு அரை ஏக்கருக்கும் அதிகமாக, பொன்னிறத்தில், தலை கவிழ்ந்து நின்றது. அசைத்தாலே உதிரும் பக்குவம்.

மறுநாள் விடிந்ததும் போனாள். கெடு முடிந்துவிட்டது, போகக்கூடாது என்று தெரியும். ஆனாலும் கால் போனது. முள்ளை நகர்த்தி உள்ளே நுழைந்தாள். மேட்டில் லாரிகள் வரிசையாக நின்றன. அன்புராஜ் விளிம்புக்கு வந்தான்.

"அறுத்த பக்கத்துலருந்து, நீங்க போற வழிய மட்டும் விட்டுட்டு கொட்டச் சொல்லியிருக்கேம்மா," என்றான். "வடக்கு மூலைக்கு வர மத்தியானம் ஆயிடும். அதுவரைக்கும் நான் ஒன்னும் பாக்கல."

முதல் லாரி பின்பக்கம் தூக்கியது. செம்மண் சரிந்து, அறுத்துவிட்ட தாளடியின்மேல் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்தாள், பிடித்தாள், அறுத்தாள். பின்னால் ஒவ்வொரு லாரி கொட்டும்போதும் தரை லேசாக அதிர்ந்தது. முன்னால் நின்ற கதிரிலிருந்து அந்த அதிர்வுக்கே நாலு நெல்மணி உதிர்ந்தது.

வெயில் உச்சிக்கு வந்தபோது அவள் நிமிர்ந்தாள். இன்னும் நிறைய இருந்தது. நாலு பேர் ஒரு நாள் முழுக்க அறுக்கிற அளவு. இது முழுக்கத் தன்னுடையது என்று சட்டம் சொல்லியிருந்தது. முத்திரைத்தாளிலும் எழுதியிருந்தது. அதை யாரும் பிடுங்கவில்லை, யாரும் மறுக்கவில்லை. நிலத்தோடு சேராத சரக்கு அது, கட்டில் போல, மூட்டை போல. எடுத்துக்கொண்டு போகலாம். தூக்க முடிந்த வரைக்கும்.

கடைசிக் கட்டைக் கட்டினாள். அன்புராஜ் இறங்கி வந்து தூக்கிவிட்டான். கேமராவைப் பார்த்தானா இல்லையா என்று தெரியவில்லை. சுமை தலையில் ஏறியதும் அவள் வழியைப் பார்த்து நடந்தாள்.

வேலிக்கு வெளியே கட்டை இறக்கிவைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு குனிந்து, அங்கே கிடந்த வேலிக்காத்தான் கிளையைப் பிடித்து இழுத்து, சந்தை அடைத்தாள். ஓர் ஓரத்தில் இடைவெளி தெரிந்தது. கிளையைத் திருப்பி அதையும் சரிசெய்தாள்.

உள்ளே நின்றுகொண்டிருந்த அன்புராஜ் கேட்டான். "இன்னும் இன்னாத்துக்கும்மா அது?"

"ஆடு வந்துடும் நைனா," என்றாள் கன்னியம்மா. "பயிர் நிக்குது பாரு."